மரத்துப் போச்சா... மணியைப் பாருங்கள்!

குழித்தறியில் நாள் முழுக்க உட்கார்ந்து மிதி மிதிப்பவருக்குக் கால் மரத்துப் போவது புதிதல்ல. பெயரில் பருத்தியும் தறியில் பட்டுமாக இருக்கும் திருப்பருத்திக்குன்றமானாலும் சரி, பக்கத்தில் காஞ்சிபுரமானாலும் சரி, "காலை உதறிட்டு எழுந்தா சரியாப் போயிடும்" என்பார்கள். பெரும்பாலும் சரியாகியும் விடும். அதனால்தான் நிஜமான பக்கவாதம் வரும்போதும் அதே பதில் வாயில் வந்துவிடுகிறது!

உட்கார்ந்து நரம்பு அழுந்துவதால் வரும் மரப்பு மெதுவாக வரும். ஊசி குத்துவதுபோல் குறுகுறுக்கும். எழுந்து நடந்தால் விலகும். பக்கவாதம் திடீரென்று வரும். நாடா இழுத்த கை தொய்ந்துவிடும், அதே பக்கத்துக் காலும் சொன்னபடி கேட்காது. வலி பெரும்பாலும் இருக்காது. 'வலிக்கலையே' என்று படுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

சந்தேகமா? "கொஞ்சம் சிரிங்க மாமா" என்று கேளுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் நீட்டச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கீழே இறங்குகிறதா? ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். குழறுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலே 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். திடீர்ப் பார்வை மங்கல், தள்ளாட்டம், அதுவரை வந்திராத கடுமையான தலைவலியும் இதே கணக்கு.

கூடவே கடிகாரத்தைப் பாருங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு? டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று இது. மூளை ரத்தக்குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசியை, பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பெரிய குழாய் அடைப்பு என்றால், சிலருக்கு அதற்குப் பிறகும் தொடை வழியே குழாய் செலுத்திக் கட்டியை எடுக்கிறார்கள். எந்த ஆஸ்பத்திரியில் ராத்திரியிலும் ஸ்கேன் எடுத்து ஊசி போடுவார்கள் என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.

அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும். வெளியிலிருந்து இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கசிவாக இருந்து நீங்கள் ஆஸ்பிரின் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். கூடுதல் பிரஷர் மாத்திரையும் வேண்டாம். காபி, சோடா எதுவும் வேண்டாம்; விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். புறா ரத்தம் தேய்க்க ஆள் தேடுவதில் போவது சிகிச்சைக்கான நேரம்!

பத்தே நிமிஷத்தில் கை சரியாகிவிட்டதா? நிம்மதியாகாதீர்கள். பெரிய பக்கவாதத்துக்கு முன்னோட்டமாக இருக்கலாம். அடுத்த இரண்டு நாள்தான் அபாயம் அதிகம். அன்றே போங்கள்.

வராமல் தடுக்க முதல் வேலை, ரத்த அழுத்தம். அது சத்தமே போடாது. "நார்மல் ஆயிடுச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்" என்பார் பெரியவர். நார்மலானதே மாத்திரையால்தானே ஐயா! தமிழக அரசு 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உப்பு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள். அப்பளம், ஊறுகாய், கருவாடு எல்லாம் இதில் அடக்கம். பீடியும் புகையிலையும் கூடவே கூடாது. நாடித் துடிப்பு தாறுமாறாக இருந்தால் காட்டிவிடுங்கள். இதயத்தில் உருவாகும் கட்டி மூளைக்குப் போகலாம்.

வந்த பிறகு? 1984-ல் எம்.ஜி.ஆரைப் பக்கவாதம் தாக்கியது. நியூயார்க்கின் புரூக்ளினில் சிகிச்சையிலிருந்தபடியே தேர்தலில் ஜெயித்தார். 1985-ல் திரும்பி முதல்வரானார். ஆனால் பேச்சு 1987-ல் மறையும்வரை பழையபடி தெளியவில்லை. மீள்வது பெரும்பாலும் இப்படித்தான், ஒன்று வரும், ஒன்று பாக்கி நிற்கும்.

முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும்; பிறகு மெதுவானாலும் நின்றுவிடாது. செயலிழந்த பகுதியின் வேலையை மூளையின் வேறு பகுதிகள் கற்றுக்கொள்கின்றன. அதற்குத் தினசரிப் பயிற்சி வேண்டும். தூக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு நழுவிவிடும். பேச முடியாதவரிடம் கத்தாதீர்கள், அவருக்குக் காது கேட்கிறது! வார்த்தை வரும்வரை காத்திருங்கள். காரணமில்லாத அழுகையும் நோயின் பகுதிதான், டாக்டரிடம் சொல்லுங்கள்.

தறிக்காரராக இருந்தால், பிசியோதெரபிஸ்ட் சம்மதித்த பிறகு தார் சுற்றும் வேலையை அந்தக் கைக்கே கொடுத்துப் பாருங்கள். முதலில் பத்து நிமிஷம் போதும்; நூல் அறுந்தாலும் பரவாயில்லை.