ஏவுரையும் காணி உறுதியும்

சட்ட ஆவணங்களை எழுதுவோர்க்குப் படிவம் என்பது புதியதன்று. நம் நாட்டு நொத்தாரிசுமார் பழைய உறுதியொன்றை முன்வைத்துக்கொண்டே புதிய உறுதியை எழுதுவர். விற்பவர் பெயர், வாங்குபவர் பெயர், எல்லை, தொகை ஆகியன மாறும். வாசகம் பெரிதும் மாறாது. பல்லாண்டு வழக்கிலே பண்பட்ட அவ்வாசகமே பின்னாளில் வழக்கெழாமற் காக்கும் வேலியாகும். இற்றை நாளிலே அவ்வெழுத்து வேலையின் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் செய்யத் தொடங்கியுள்ளன. அப்பொறிக்கு நாம் இடும் கட்டளை வாசகத்தை ‘ஏவுரை’ என்றும், பலமுறை பயன்படுமாறு வெற்றிடங்கள் விட்டு அமைக்கப்பட்ட ஏவுரையை ‘ஏவுரைப் படிவம்’ என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். நல்ல ஏவுரைப் படிவத்தின் இலக்கணம் யாதென ஆராய்வதே நம் நோக்கமாகும்.

முதற்கண் பொறியின் இயல்பை அறிதல் வேண்டும். அளவிறந்த எழுத்துக்களைப் பயின்று, எச்சொல்லின்பின் எச்சொல் வருதல் கூடும் எனக் கணித்து எழுதுவதே அதன் தொழில். ஆகவே, அதற்குச் சட்டம் தெரியும் என்பதினும் சட்டம் எழுதப்படும் நடை தெரியும் என்பதே பொருந்தும். நாம் கூறாது விட்ட இடத்தை அது பெரும்பாலும் வெறுமையாக விடுவதில்லை. பொருந்துவதுபோல் தோன்றும் ஒன்றினால் நிரப்பிவிடும். சட்ட நூற்றொகுதிகளைத் தேடிப் பார்த்து விடை கூறும் பொறிகளும் உள. அவற்றில் இக்குறை குறையுமேயன்றி அறவே ஒழிவதில்லை.

இதற்குச் சான்று நியூயோர்க் நகரிலே கிடைத்தது. அவியாங்கா விமான நிறுவனத்திற்கு எதிராகத் தொடரப்பட்ட வழக்கொன்றில், வழக்காளியின் சட்டத்தரணிகள் சற் ஜி.பி.ரி. என்னும் பொறி தந்த முற்றீர்ப்புகளை மன்றிலே காட்டினர். அவற்றுள் ஆறு எக்காலத்தும் எந்நீதிமன்றும் வழங்காதவை. அவை உண்மையானவையோ எனப் பொறியையே வினவ, அது ‘ஆம்’ என்று விடையிறுத்தது. 2023 யூன் மாதத்தில் நீதிபதி கஸ்ரெல் 5,000 டொலர் தண்டம் விதித்தார். கருவியைக் கையாண்டது குற்றமன்று, சரிபார்க்கும் கடமையைக் கைவிட்டதே குற்றம் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அயல்நாட்டுக் கதை நமக்கெதற்கு என்பார்க்கு என் அனுபவமொன்றைக் கூறுவேன். எம் அன்னையார் விட்டுச்சென்ற காணியில் என் தமக்கையாருக்குப் பாதிப் பங்குண்டு. அதனை விற்க அவர் எண்ணியபோது, ‘காணி விற்பனைக்கு ஓர் ஆவணம் தமிழில் எழுதுக’ என ஒற்றை வரியிலே பொறியை ஏவினேன். நொடிப்பொழுதில் அழகிய ஆவணம் வந்தது. அதனை என் பழைய மாணாக்கரும் இன்று நொத்தாரிசுமாகிய ஒருவரிடம் காட்டினேன். அவர் படித்து முறுவலித்தார். தலைப்பு ‘கிரயப் பத்திரம்’ என்றிருந்தது. பதிவு சார்பதிவாளர் முன்னிலையில் எனப்பட்டது. அளவு சென்ற் கணக்கில் இருந்தது. இவையனைத்தும் தமிழ்நாட்டு வழக்கு. நான் கொடாத தாய்ப்பத்திர இலக்கமொன்றும் அதிற் காணப்பட்டது! காணி முழுவதும் தமக்கையாருடையது என்றும் எழுதப்பட்டிருந்தது.

இவற்றினும் பெரிய குறை, இருக்கவேண்டியன இல்லாமையே. இலங்கையிற் காணி விற்பனை செல்லுபடியாதற்கு, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, உறுதியானது நொத்தாரிசும் குறைந்தது இரு சாட்சிகளும் ஒருங்கே இருக்கக் கையொப்பமிடப்படல் வேண்டும். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, கணவரின் எழுத்திலான சம்மதமின்றித் தன் அசையா ஆதனத்தை விற்றல் இயலாது. சம்மதம் நியாயமின்றி மறுக்கப்படின் மாவட்ட நீதிமன்றை நாடலாம். என் தமக்கையாரின் கணவரோ கனடாவில் வாழ்பவர். மேலும், 1947ஆம் ஆண்டின் தேசவழமை முற்கொள்வுக் கட்டளைச் சட்டம் கூட்டுரிமையாளருக்கு முன்னறிவித்தல் கொடுக்கப் பணிக்கின்றது. எஞ்சிய பாதிக்கு உரியவன் யானே. அவ்வறிவித்தல் எனக்கே வரவேண்டியது என்பதை யானும் அறிந்திலேன், பொறியும் உணர்த்திற்றிலது. பிழை பொறியினதோ எனக் கேட்டேன். அரைப்பங்கே அதனுடையது, எஞ்சியது நீங்கள் இட்ட ஏவுரையினது என்றார் மாணாக்கர்.

அவர் பின்னர் ஆக்கிக் காட்டிய படிவம் பின்வருமாறு அமைந்தது:

“இலங்கையின் வடமாகாணத்திலுள்ள காணிக்கு விற்பனை உறுதியின் வரைவு எழுதுக. இலங்கைச் சட்டமும் இலங்கை உறுதி வழக்குமே கொள்ளப்படும். விற்பவர்: அ. வாங்குபவர்: ஆ. விற்கப்படும் பங்கு: ____. உரித்து வந்த வழி: ____. விற்பவர் தேசவழமைக்கு உட்பட்டவரா: ____. மணமானவரா: ____. கணவரின் எழுத்திலான சம்மதம்: ____. கூட்டுரிமையாளரும் அவர்க்குக் கொடுத்த அறிவித்தலும்: ____. பரப்பளவும் நான்கெல்லையும்: ____. விலை: ____. யாதேனும் வெற்றிடமாயிருப்பின் நீ நிரப்பாதே. வரைவதற்கு முன் என்னை வினவுக. யான் தராத உறுதி இலக்கம், சட்டப் பிரிவு, தீர்ப்பு ஆகியவற்றை எழுதாதே. பரப்பையும் குழியையும் வேறு அளவைக்கு மாற்றாதே. முடிவில், நொத்தாரிசு சரிபார்க்கவேண்டியவற்றை வரிசைப்படுத்துக.”

இப்படிவத்தில் ஐந்து உறுப்புகளைக் காணலாம். எவ்வாவணம், எந்நாட்டுச் சட்டம் என்னும் வரையறை ஒன்று. ஒவ்வொன்றும் தனித்தனி நிற்கும் தரவுகள் இரண்டு. செய்யற்க என்னும் விலக்குகள் மூன்று. ஐயமுற்றவிடத்து வினவுக என்னும் பணிப்பு நான்கு. சரிபார்ப்புப் பட்டியல் ஐந்து. இவற்றுள் விலக்கும் வினாவுமே உயிர்நிலை என்பது என் துணிபு. தரவுகளைத் திருத்தமாகத் தருவோர் பலர். தம்மிடம் இல்லாத தரவை இல்லையென்று பொறிக்கு உணர்த்துவோர் சிலரே. எனினும் விலக்கு எழுதியமையால் பொறி பிழைசெய்யாது என எண்ணற்க. பிழை குறையும், எஞ்சியது எளிதிற் புலப்படும், அவ்வளவே.

படிவத்தைச் சோதிக்கும் முறையும் உண்டு. முன்னரே நிறைவேறிய, குற்றமற்ற உறுதியொன்றின் தரவுகளை இட்டு, வரும் வரைவை மூலத்தோடு ஒப்பிடுக. அடுத்து, வேண்டுமென்றே ஒரு தரவை, கணவரின் சம்மதத்தை என்று வைத்துக்கொள்வோம், மறைத்துப் பார்க்க. பொறி வினவுமாயின் படிவம் நன்று. வினவாது எழுதிச் செல்லுமாயின் அப்படிவத்தைத் திருத்துக. சட்டம் மாறுந்தோறும் படிவமும் மாறவேண்டுமாதலின், திருத்திய நாளைப் படிவத்தின் தலையிலே குறித்தல் நலம்.

பிறிதொன்றும் கருதற்பாலது. கட்சிக்காரரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், குடும்ப இரகசியம் ஆகியன சட்டத்தரணியிடம் நம்பி ஒப்படைக்கப்பட்டவை. பிறர் நடத்தும் பொறியில் அவற்றை இடுதல் தகாது. அதனாலன்றோ மேற்படிவத்தில் விற்பவர் ‘அ’ எனவும் வாங்குபவர் ‘ஆ’ எனவும் நிற்கின்றனர். உண்மைப் பெயர்களைப் பின்னர் நொத்தாரிசு தம் கையாலே சேர்த்துக்கொள்வார்.

மாணவர்க்கு ஒரு வார்த்தை. வினாத்தாளிலே விடை தெரியாத இடத்தை எவ்வாறேனும் நிரப்பிவிடும் வழக்கம் உங்களிற் சிலர்க்கு உண்டு; ஆசிரியன் அதனை எளிதிற் கண்டுகொள்வான். பொறியும் அவ்வாறே செய்கின்றது. ஆயின் அதன் நடை அழகியதாகலின் கண்டுகொள்ளுதல் அரிது. ஆகவே, சட்டத் துறையை நாடும் நீவிர் பொறியை ஏவக் கற்குமுன் உறுதியொன்றை வரிவரியாக வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எது வேண்டும் என அறியாதவன் எது விடுபட்டது என அறியான்.

என் தமக்கையாரின் உறுதி இன்னும் முடிந்திலது. கனடாவிலிருந்து வரவேண்டிய சம்மதத்திற்காக அது காத்திருக்கின்றது. வரைவிலே அவ்விடம் வெற்றிடமாகவே உள்ளது, அதுவே முறை.