தோல் தானே தயாரிக்கும் மருந்து

சோரியாசிஸ் வந்தவர்களின் தோல் வெடித்துச் செதில் செதிலாக உதிரும். அந்த வெடிப்புகளில் கிருமி புகுந்து சீழ் வைக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால், அவர்களுக்குத் தோல் தொற்று வருவது குறைவு. ஏன்? ஜெர்மனியின் கீல் நகரில் யென்ஸ்-மிஷாயெல் ஷ்ரோடர், யூர்கன் ஹார்டர் குழுவினர் விடையை அந்தச் செதில்களிலேயே தேடினார்கள். உதிர்ந்த செதில்களைச் சேர்த்துச் சாறெடுத்து, அதிலுள்ள பொருள்களைப் பிரித்துப் பார்த்தபோது பாக்டீரியாவைக் கொல்லும் ஒரு பெப்டைடு சிக்கியது. ‘பீட்டா டிஃபென்சின்-2’ என்ற அதைப் பற்றி 1997இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். எல்லோரும் கழிவென்று ஒதுக்கும் செதிலில் இதைத் தேடத் தோன்றியதே பெரிய விஷயம்.

அமினோ அமிலங்கள் கோத்த குட்டைச் சங்கிலிதான் பெப்டைடு. தோல் சுரக்கும் இவ்வகைப் பெப்டைடுகளில் பெரும்பாலானவை நேர்மின்னூட்டம் கொண்டவை. பாக்டீரியாவின் உறையோ எதிர்மின்னூட்டம் கொண்டது. அதனால் பெப்டைடு அங்கே போய் ஒட்டி, உறையைத் துளைத்துவிடுகிறது. நம் செல்களின் வெளிப்புறத்தில் அந்த அளவுக்கு மின்னூட்டம் இல்லாததால் அவை பெரும்பாலும் தப்பிக்கின்றன.

எக்சிமாவில் கதை வேறு. அதிலும் தோல் வெடிக்கிறது, ஆனால் அடிக்கடி கிருமித்தொற்றும் சேர்ந்துகொள்கிறது. 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இரண்டு நோய்களையும் ஒப்பிட்டது. சோரியாசிஸ் தோலில் ஏராளமாக இருந்த டிஃபென்சினும், 37 அமினோ அமிலங்கள் கொண்ட ‘எல்எல்-37’ பெப்டைடும் எக்சிமா தோலில் மிகக் குறைவாக இருந்தன.

அதிகமானாலும் ஆபத்துதான். முகம் சிவந்து தடிக்கும் ரோசேசியா நோயில் எல்எல்-37 வகைப் பெப்டைடுகள் அளவுமீறிச் சுரப்பது 2007இல் தெரியவந்தது.

வியர்வைக்கும் இதில் பங்குண்டு. 2001இல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் பிர்கிட் ஷிட்டெக் குழுவினர் வியர்வைச் சுரப்பியில் ‘டெர்ம்சிடின்’ என்ற பெப்டைடைக் கண்டறிந்தார்கள். வியர்வையின் உப்பிலும் புளிப்பிலும்கூட அது கிருமிகளைக் கொல்கிறது.

கடைகளில் விற்கும் பெப்டைடு கிரீம்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாமிரத்தோடு சேர்த்து அவற்றில் கலக்கப்படும் ‘ஜிஎச்கே’, 1973இல் லோரன் பிக்கர்ட் மனித ரத்தத்தில் கண்டறிந்தது. மூன்றே அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய பெப்டைடு அது. ஆனால் எல்லாப் பெப்டைடும் அப்படியல்ல. மூலக்கூறு எடை 500 டால்டனை (மூலக்கூறு எடையின் அலகு) தாண்டினால் தோலுக்குள் இறங்குவது கடினம். எல்எல்-37இன் எடையோ சுமார் 4,500 டால்டன். டப்பாவில் ‘பெப்டைடு’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிப் பணத்தைக் கொட்டுவது வீண் என்பதே என் கருத்து.

கிரீமைவிடத் தோலின் இயல்பான பாதுகாப்பைக் கெடுக்காமல் இருப்பதே முக்கியம். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. பிஎச் அளவு ஏறத்தாழ 5. சாதாரணக் கட்டி சோப்பின் பிஎச் 9 முதல் 10 வரை, அதனால் அது அந்த அமிலத்தன்மையைக் குலைக்கும். இரண்டு வேளையும் உடம்பு முழுக்கச் சோப்புப் போட்டுத் தேய்ப்பவர்கள் அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். அக்குள், தொடையிடுக்கு, பாதங்களுக்குச் சோப்பு போதும். மற்ற இடங்களுக்குப் பெரும்பாலும் தண்ணீரே போதும். எக்சிமா உள்ள குழந்தைக்கு எந்த கிரீமையும் வாங்குவதற்கு முன் தோல் மருத்துவரைப் பாருங்கள்.