கேம் கடையின் முகப்புப் படத்தை வாசிப்பது எப்படி?

சென்ற பாடசாலை விடுமுறையில் ஒருநாள், மஃரிபுக்குப் பிறகு, என் இளைய மகன் போனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். "உம்மா, இது அந்த கேம் இல்ல" என்றான். அவன் பார்த்த வீடியோவுக்கு இடையில் வந்த விளம்பரத்தில், தண்ணீர் நிரம்பும் அறைக்குள் ஒரு மனிதன் சிக்கியிருக்கிறான். சரியான கம்பியை இழுத்துவிட்டால் தப்பிவிடுவான். அந்தக் கம்பியை இழுக்கத்தான் இவனுக்கு ஆசை. தரவிறக்கிப் பார்த்தால், ஒரே நிறத் துண்டுகளை மூன்று மூன்றாகச் சேர்க்கும் விளையாட்டு. முப்பது லெவல் தாண்டியும் கம்பியைக் காணோம்.

"விளம்பரத்தை யார் நம்பச் சொன்னது?" என்று அவனைத்தான் ஏசினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது, இன்ஸ்டோல் பொத்தானை அழுத்தியது நான். 3+ என்று போட்டிருந்ததைக் கண்டு, வேறெதையும் வாசிக்காமல் அழுத்திக் கொடுத்தேன்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு ஒரு பழக்கத்தை ஊட்டினார்கள். ஒரு பந்தியைக் கையில் எடுத்தால், இதை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று கேட்க வேண்டும். இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லி வருகிறேன். ஆனால் ஒரு கேமின் கடைப் பக்கத்தைப் பார்த்து அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

என் மகனுக்கு நடந்தது புதிய விடயம் அல்ல. பிளேரிக்ஸ் என்ற நிறுவனத்தின் ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் என்ற இரண்டு கேம்களை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். துண்டுகளைச் சேர்த்து வீட்டையும் தோட்டத்தையும் திருத்துவதுதான் அவற்றின் வேலை. ஆனால் பேஸ்புக்கில் வந்த விளம்பரங்களில் கம்பி இழுக்கும் புதிர்கள்தான் காட்டப்பட்டன. பிரித்தானியாவின் விளம்பரத் தர அதிகார சபைக்கு முறைப்பாடுகள் போயின. "எல்லாப் படங்களும் உண்மையான விளையாட்டைக் காட்டுவதில்லை" என்ற கருத்தில் விளம்பரத்தில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. அப்படியான புதிர்கள் கேமின் சில இடங்களில் இருக்கின்றன என்றும் நிறுவனம் வாதாடியது. சபை இரண்டையும் ஏற்கவில்லை. 2020 செப்டம்பரில், அந்த விளம்பரங்கள் அதே வடிவில் மீண்டும் வரக்கூடாது என்று தீர்ப்பளித்தது.

எங்களுக்கு உதவும் அளவுகோல் இந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. படத்தில் உள்ள காட்சி கேமுக்குள் எங்கோ ஒரு மூலையில் இருந்தால் போதாது. விளையாடும் நேரத்தில் பெரும்பகுதி எதில் கழியுமோ அதைத்தான் படம் காட்ட வேண்டும். சோற்றுப் பார்சலில் ஒரு துண்டு இறைச்சியை மேலே வைத்துவிட்டு, கீழே முழுவதும் வெறும் சோறு என்றால் நாம் கடைக்காரரிடம் கேட்க மாட்டோமா? அதே கணக்குத்தான்.

இப்போது கடைப் பக்கத்துக்கு வருவோம். முதலில் கண்ணில் படுவது ஐகன், விரல் நகத்தளவுப் படம். வாயைப் பிளந்து கத்தும் முகம் பல கேம்களின் ஐகனில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கிளாஷ் ஒஃப் கிளான்ஸின் மீசைக்கார வீரன் அதற்குப் பிரபலமான உதாரணம். கத்தும் முகம் கேமைப் பற்றி எதையுமே சொல்வதில்லை. கூட்டத்தில் யாராவது சத்தம் போட்டால் நாம் திரும்பிப் பார்ப்போமே, அவ்வளவுதான் அதன் வேலை.

இந்தப் படங்கள் ஓவியர் ஒருவரின் விருப்பத்தில் மட்டும் பிறப்பவையும் அல்ல. கூகுள் ப்ளே 2015 முதல், ஒரே கேமுக்கு வெவ்வேறு ஐகன்களையும் படங்களையும் போட்டுப் பார்க்கும் வசதியை நிறுவனங்களுக்குக் கொடுத்திருக்கிறது. வருகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒரு படம், இன்னொரு பகுதியினருக்கு வேறு படம். எதைப் பார்த்து அதிகம் பேர் தரவிறக்குகிறார்களோ அது நிலைக்கிறது. நமக்கே தெரியாமல் பரீட்சகராக இருந்து புள்ளி போடுகிறோம். உண்மைக்குப் போட்டோமா, பளபளப்புக்குப் போட்டோமா என்பதுதான் கேள்வி.

அடுத்தது திரைப் படங்கள். இங்கே ஒரேயொரு சோதனை செய்தால் போதும். இந்தப் படத்தில் என் விரல் எங்கே வைக்கப்பட வேண்டும்? பொத்தான்கள், புள்ளிகள், மிச்சமிருக்கும் நகர்வுகளின் எண்ணிக்கை என்பன தெரிந்தால் அது பெரும்பாலும் உண்மையான திரை. அழுகிற பெண், எரிகிற வீடு, பெரிய எழுத்தில் ஒரு சவால் மட்டும் இருந்தால் அது சுவரொட்டி.

விபரிப்புப் பகுதியை வாசிக்க, தமிழ்ப் பாடத்தில் செய்வதையே செய்கிறேன். பெயரடைகளை அடித்துவிட்டு வினைச்சொற்களின் கீழ் கோடிடச் சொல்கிறேன். "அற்புதமான, மனதை இலேசாக்கும், முடிவில்லாத" எல்லாம் போய்விடும். "சேருங்கள், காத்திருங்கள், வாங்குங்கள், நண்பர்களை அழையுங்கள்" மிஞ்சும். கேம் அதுதான். தலைப்பில் "முதலிடம்", "இலவசம்" போன்ற சொற்களைப் போடுவதைக் கூகுள் 2021இல் தடுத்து, தலைப்பை 30 எழுத்துகளுக்குள் சுருக்கியது. ஆனால் நீண்ட விபரிப்புக்கு 4000 எழுத்துகள் வரை இடமிருக்கிறது. பெயரடைகள் இடம் மாறி அங்கே குடியிருக்கின்றன.

நான் முதலில் வாசித்திருக்க வேண்டியது இவை எதுவுமல்ல. தலைப்புக்குக் கீழே சாம்பல் நிறத்தில் இருந்த சின்ன வரியைத்தான். விளம்பரங்கள் உண்டு, கேமுக்குள் கொள்வனவுகள் உண்டு என்று அதில்தான் இருக்கிறது. விபரங்களுக்குள் போனால், ஒரு பொருளின் விலை எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை என்பதும் இருக்கும். இலவசம் என்று நினைத்த கேமில் அந்த மேல் விலையைப் பார்த்தால் ஒரு மாத டியூஷன் காசு ஞாபகத்துக்கு வரும். அந்த 3+ கூட நான் நினைத்ததைச் சொல்லவில்லை. வன்முறை, ஆபாசம் போன்றவை இல்லை என்பதையே அது முக்கியமாகச் சொல்கிறது. பத்து வயதுப் பிள்ளையை எப்படியெல்லாம் காசு கேட்டு நச்சரிக்கும் என்பதை அது அளப்பதில்லை.

கடைக்காரர்களும் இதைத் தாமாகச் சொல்ல முன்வரவில்லை. பிள்ளைகள் பெற்றோருக்குத் தெரியாமல் கேமுக்குள் பொருள் வாங்கிய விவகாரத்தில், குறைந்தது 32.5 மில்லியன் டொலரைத் திருப்பிக் கொடுக்க அப்பிள் நிறுவனம் 2014 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவுடன் உடன்பட்டது. ஒருமுறை கடவுச்சொல்லைப் போட்டால் 15 நிமிடங்களுக்கு மீண்டும் கேட்காமலே வாங்க முடிந்ததுதான் அங்கே பிரச்சினை. அதே வருட இறுதியில் அப்பிள் கடையின் பொத்தானில் இருந்த "இலவசம்" என்ற சொல் "பெறு" என்று மாறியது.

நேர்மையான படத்துக்கும் உதாரணம் சொல்ல வேண்டும். 2014இல் வந்த மொனுமென்ட் வேலியில், வெள்ளை உடுப்பும் கூரான தொப்பியும் அணிந்த சிறுமி, எப்படிக் கட்டினார்கள் என்றே புரியாத கோபுரத்தில் நிற்கிறாள். உள்ளே போனாலும் அதே சிறுமி, அதே மாதிரிக் கோபுரங்கள், அவளை நடத்திக்கொண்டு போவதுதான் விளையாட்டு. விலையை முன்கூட்டியே வாங்கிவிட்டு ஒதுங்கிவிடும் கேம் அது. அந்த வருட நவம்பரில் அவர்கள் புதிய லெவல்களை ஒரு சிறு விலைக்குக் கொடுத்தபோது, அதற்கும் காசா என்று கோபித்து ஒரு நட்சத்திரம் போட்டவர்கள் இருந்தார்கள். விலையை நேரே சொல்பவரைத் தண்டித்துவிட்டு, மறைப்பவரிடம் ஏமாந்தேன் என்று அழுவது நம் பக்கத்துப் பிழையும்தான்.

விடுமுறை முடிந்ததும் தரம் 8 வகுப்பில் இதை ஒரு செயற்பாடாக வைத்தேன். ஒவ்வொரு குழுவும் ஒரு கேமின் முகப்பை வரைந்து கொண்டுவர வேண்டும், அதைப் பார்த்து மற்றவர்கள் கேம் எப்படியிருக்கும் என்று ஊகிக்க வேண்டும். அரைவாசிக்கு மேல் தவறாகத்தான் ஊகித்தோம், என்னையும் சேர்த்து. ஒரு குழு கெரம் கேம் ஒன்றைக் கொண்டுவந்தது. படத்தில் கெரம் பலகை, உள்ளேயும் கெரம் பலகை. இதில் பொய்யே இல்லை என்று நான் புள்ளி போடப் போக, பின் வரிசையில் இருந்த மாணவி எழும்பினாள்.

"டீச்சர், பலகை சரிதான். கீழ இருக்கிற சின்ன எழுத்தை இவங்க வரையாம விட்டுட்டாங்க."