ஆட்கொணர்வு

மதுரை மாநகரில் கோவலன் வெட்டுண்டதற்குக் காரணம் பாண்டியன் கொடுங்கோலன் என்பதன்று. பொற்கொல்லன் ஒருவன் சொல்லைக் கேட்டான்; கள்வன் கையில் சிலம்பு இருக்குமாயின் அவனைக் கொன்று அதனைக் கொணர்க என்று காவலரைப் பணித்தான்; அவ்வளவே. அரசியின் அணிகலன் களவு போனது அரண்மனைக் காவலைப் பற்றிய செய்தி. அதில் விரைந்து செயற்படுதல் மன்னன் கடமையேயாம். ஆயினும் சிலம்பினுள்ளே இருப்பது முத்தா, மாணிக்கமா என்று பார்த்தறிதல் ஒரு நொடிப்பொழுதின் வேலை. அவ்வேலை கோவலன் உயிரோடிருந்தபோது நடைபெறவில்லை. கண்ணகி வந்து வழக்குரைத்த பின்னரே நடைபெற்றது.

நாடு என்று ஒன்று இருக்குமாயின் அதற்குப் பகையும் உண்டு; உட்பகையும் உண்டு. படையும் அரணும் ஒற்றரும் இல்லாத அரசு குடிகளைக் காவாது. இதனை வள்ளுவரும் உடன்படுவர். ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வகுத்தவர் அவர். ஆனால் அதற்கு இரண்டு அதிகாரங்கள் முன்னரே, குடிகள் அஞ்சும் செயல்களை அரசன் செய்யாதிருத்தலைக் கூறும் வெருவந்த செய்யாமையை வைத்துள்ளார். இவ்விரண்டையும் ஒருங்கே காப்பது எவ்வாறு என்பதே குடியாட்சியின் முன் நிற்கும் வினா.

இவ்வினாவுக்குச் சட்ட உலகம் கண்ட விடைகளுள் சிறந்தது ஆட்கொணர்வு ஆணை. அரசோ வேறெவரோ ஒருவனைப் பிடித்து அடைத்து வைத்தால், அவனோ அவன் சுற்றத்தாரோ நீதிமன்றத்தை அணுகலாம். நீதிபதி, “அவனை இங்கே கொணர்க, எக்காரணத்தால் அடைத்தீர், கூறுக” என்று ஆணையிடுவார். காரணம் சட்டத்திற்கு இசைந்ததன்றாயின் அவன் அங்கேயே விடுதலை பெறுவான். இங்கிலாந்தில் நெடுங்காலமாக வழங்கிவந்த இம்முறையை 1679-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிப்படுத்தியது. இலத்தீன் மொழியில் இதற்கு வழங்கும் தொடரைவிட, ஆளைக் கொணர்க என்னும் பொருள் வெளிப்படையாகத் தோன்றும் நம் சொல் தெளிவுடையது என்பது என் கருத்து. தமிழாசிரியனாகிய யான் சட்டம் கற்றவன் அல்லேன். சொல்லின் அழகே என்னை இப்பொருளின்பால் ஈர்த்தது.

நம் அரசியலமைப்பு 1950 சனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வகுத்த நெறிமுறைப்படியன்றி எவருடைய உயிரையும் உரிமையையும் பறித்தலாகாது என்கிறது அதன் 21-ஆம் பிரிவு. பிடிக்கப்பட்டவனை இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 22-ஆம் பிரிவு. ஆனால் அதே பிரிவு தடுப்புக் காவலுக்கும் இடந்தருகிறது. தடுப்புக் காவலாவது, செய்த குற்றத்திற்குத் தண்டிப்பதன்று. இனிக் குற்றம் செய்யக்கூடும் என்று அஞ்சி முன்னரே அடைத்துவைப்பது. அரசியலமைப்பு பிறந்து ஒரு திங்கள் நிரம்பிய அளவில், 1950 பிப்ரவரியில், வல்லபாய் படேல் இதற்கெனச் சட்டமொன்றைக் கொணர்ந்து நிறைவேற்றினார். ஓராண்டுக்கென்று இயற்றப்பட்ட அச்சட்டம் மேன்மேலும் நீட்டிக்கப்பெற்று 1969-ஆம் ஆண்டு இறுதிவரை வாழ்ந்தது!

அச்சட்டத்தின்கீழ்ச் சென்னை மாகாணச் சிறையில் இருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். நீதிபதிகள் அறுவர் கேட்டனர். 1950 மே 19-ஆம் நாள் வெளிவந்த தீர்ப்பில், சட்டமன்றம் இயற்றிய சட்டம் இருந்தாற் போதும், அது நேரியதா என்று நீதிமன்றம் ஆராய்வதற்கில்லை எனப் பெரும்பான்மையோர் கூறினர். கோபாலன் தோற்றார். எனினும் அத்தோல்வியினுள் ஒரு வெற்றி இருந்தது. அச்சட்டத்தின் 14-ஆம் பிரிவு, காவலில் உள்ளவனுக்கு அறிவிக்கப்பட்ட காரணங்களை நீதிமன்றத்தில் வெளியிடுதல் ஆகாது என்றும், வெளியிடுவது குற்றம் என்றும் விதித்திருந்தது. அப்பிரிவு செல்லாது என நீதிபதிகள் அறுவரும் ஒருமனதாக நீக்கினர். அடைத்துவைக்கும் ஆற்றலை அரசுக்கு அளித்தவர்களும், காரணத்தை மறைக்கும் ஆற்றலை அளிக்க உடன்படவில்லை என்பதைக் கருதுக. சிறையிலிருந்த அக்கோபாலனே 1952-ஆம் ஆண்டில் மக்களவை உறுப்பினராகி, எதிர்வரிசையில் அமர்ந்தார்.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து இதனினும் கடுஞ்சோதனை வந்தது. 1975 சூன் 25-ஆம் நாள் இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 21-ஆம் பிரிவைக் காட்டி நீதிமன்றத்தை அணுகும் உரிமையும் நிறுத்தி வைக்கப்பட்டது. உயர் நீதிமன்றங்கள் பல, அதன் பின்னரும் ஆட்கொணர்வு மனுவைக் கேட்கலாம் என்றன. வழக்கு உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. காவலர் ஒருவர் தம் சொந்தப் பகை காரணமாக ஒருவனைக் கொன்றுவிட்டாலும் பரிகாரம் இல்லையா என்று நீதிபதி எச். ஆர். கன்னா வினவினார். நெருக்கடி நீடிக்கும்வரை இல்லை என்பதே அரசின் தலைமை வழக்கறிஞர் அளித்த மறுமொழி. 1976 ஏப்ரல் 28-ஆம் நாள், நீதிபதிகள் ஐவருள் நால்வர் அதனை ஏற்றனர். கன்னா ஒருவரே மறுத்தார். பாண்டியன்கூட, வாயிலில் வந்து நின்ற கண்ணகியை உள்ளே வருக என்று அழைத்து வழக்கைக் கேட்டான். இங்கோ வாயிலே அடைக்கப்பட்டது. அடுத்த சனவரியில் தலைமை நீதிபதி பதவி கன்னாவுக்கு முறைப்படி வரவேண்டியிருந்தும், அவருக்கு இளையவர் ஒருவருக்கு அளிக்கப்பட்டது. கன்னா பதவி துறந்தார்.

1978-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அரசியலமைப்பின் 44-ஆம் திருத்தம், எத்தகைய நெருக்கடியிலும் 21-ஆம் பிரிவை நிறுத்திவைத்தல் ஆகாது என்று விதித்தது. அவ்வாண்டிலேயே உச்ச நீதிமன்றமும், நெறிமுறை என்று ஒன்றிருந்தாற் போதாது, அது நேர்மையானதாகவும் இருத்தல் வேண்டும் என்று கூறிற்று. 1976-ஆம் ஆண்டுத் தீர்ப்பை 2017-இல் உச்ச நீதிமன்றமே தவறென அறிவித்தது. முந்தைய தீர்ப்பில் பெரும்பான்மையோடு நின்ற நீதிபதி ஒருவரின் மைந்தரே, பிந்தைய தீர்ப்பில் அதனை மறுத்தெழுதினார். தந்தையின் பிழையை மைந்தர் திருத்துதற்கு நாற்பத்தோர் ஆண்டுகள் ஆயின. இன்னுமொன்று: ஆலோசனைக் குழுவின் இசைவின்றி ஒருவரைக் காவலில் வைக்கும் காலத்தை மூன்று திங்களிலிருந்து இரண்டாகக் குறைக்கும் விதியும் அந்த 44-ஆம் திருத்தத்தில் உண்டு. அது ஏட்டில் இருக்கிறதேயன்றி இன்றளவும் நடைமுறைக்குக் கொணரப்படவில்லை.

தடுப்புக் காவலும் மறைந்துவிடவில்லை. 1980-ஆம் ஆண்டுத் தேசியப் பாதுகாப்புச் சட்டமும், தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டுச் சட்டமும் ஓராண்டுவரை அடைத்துவைக்க இடந்தருகின்றன. அவற்றை எதிர்த்து வரும் ஆட்கொணர்வு மனுக்கள் சென்னையிலும், 2004 முதல் மதுரையில் இயங்கும் உயர் நீதிமன்றக் கிளையிலும் கேட்கப்படுகின்றன. காவலுக்குரிய காரணங்கள் அடைபட்டவன் அறிந்த மொழியில் தரப்பட்டனவா என்பதை நீதிபதிகள் நோக்குவர். ஆங்கிலம் போதிய அளவு அறியாத ஒருவருக்கு ஆங்கிலத்திலேயே காரணங்களைக் கொடுத்தமையால் அவரை விடுவிக்குமாறு உச்ச நீதிமன்றம் 1962-ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டதுண்டு. தந்த படிகள் எழுத்து மங்கிப் படிக்க இயலாதிருந்தமையால் காவலாணை நீக்கப்பட்டதும் உண்டு. இதனைச் சிறு குற்றம் என்று நகைப்பார் உளர். படிக்க முடியாத தாளைக் கையிற் கொடுத்து, மறுமொழி கூறு என்றால் அவன் என்ன கூறுவான்?