புது வீட்டுக் கூரைக்கு எவ்வளவு வாட்டம் கொடுக்கலாம்?

புது வீடு கட்டத் தொடங்கும் உழவர்கள் அஸ்திவாரம், வாசல், கிணற்றின் திசை ஆகியவற்றைப் பற்றிப் பலரிடமும் கலந்து பேசி முடிவு செய்கின்றனர். கூரையின் வாட்டம் மட்டும் சுவர் எழும்பிய பிறகே நினைவுக்கு வருகிறது. அப்போது கையில் மிஞ்சியுள்ள பணமும் கடையில் கிடைக்கும் தகட்டின் நீளமுமே வாட்டத்தைத் தீர்மானித்துவிடுகின்றன. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் அண்மைக் காலத்தில் எழுந்துள்ள தகட்டுக் கூரை வீடுகளில் பல, அடிக்கு 2 அங்குல வாட்டத்தில் அமைந்திருப்பதற்குக் காரணம் இதுவே. காற்றைப் பொறுத்தவரை இந்த 2 அங்குல வாட்டம்தான் எல்லாவற்றிலும் மோசமானது. ஏன் என்பதைப் பின்னர் காண்போம்.

வாட்டத்தை டிகிரிக் கணக்கில் சொல்வதைவிட, ஓர் அடி கிடைமட்டத் தூரத்துக்கு எத்தனை அங்குலம் உயர்கிறது என்று சொன்னால் கொத்தனாருக்கும் தச்சருக்கும் எளிதில் விளங்கும். அடிக்கு 2 அங்குலம் என்பது ஏறத்தாழ 10 டிகிரி. 4½ அங்குலம் 20 டிகிரி. 6 அங்குலம் 27 டிகிரி. 7 அங்குலம் 30 டிகிரி. 12 அங்குலம் 45 டிகிரி. வீட்டின் அகலம் 16 அடி, முகடு நடுவில் என்று வைத்துக்கொண்டால், சுவரிலிருந்து முகடு வரை கிடைமட்டத் தூரம் 8 அடி. அடிக்கு 6 அங்குல வாட்டம் வேண்டுமானால் முகடு சுவர் மட்டத்துக்கு மேல் 4 அடி உயர வேண்டும். இந்த 16 அடி வீட்டையே கீழே உதாரணமாகக் கொள்வோம்.

மழை எவ்வளவு காரணம்?

மழை அதிகமானால் வாட்டமும் அதிகம் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். கேரளத்தில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. நம் இரு மாவட்டங்களிலும் ஆண்டு மழை 900 மில்லி மீட்டரை ஒட்டியதே. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. ஆகவே கேரள வீடுகளின் படத்தைப் பார்த்து அதே செங்குத்தான கூரையை இங்கு அமைப்பது மரத்துக்கும் இரும்புக்கும் வீண் செலவு. பனி கொட்டும் நாடுகளின் வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் ஆண்டு மழை குறைவு என்பதால் ஓர் இரவு மழையும் குறைவாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சிதைந்து ரயில் கவிழ்ந்ததை இப்பகுதி மக்கள் இன்றும் பேசுகின்றனர். அத்தகைய மழைக்கு ஈடுகொடுக்க வேண்டியவை இறவாணத்தின் நீட்டமும், தண்ணீரை வாங்கும் தகரக் கால்வாயின் அகலமும்தான். வாட்டத்தை முதலில் தீர்மானிப்பது கூரை மேயும் பொருள், அடுத்தது காற்று.

கீற்றும் ஓடும்

தென்னங்கீற்று, பனையோலை, கரும்புச் சோகை ஆகியவற்றில் நீர் ஒரு கீற்றிலிருந்து அடுத்ததற்குச் சொட்டிச் சொட்டி இறங்குகிறது. வாட்டம் குறைந்தால் நீர் உள்ளே தங்கிக் கீற்று மக்கிவிடும். எனவே அடிக்கு 12 அங்குலம் கொடுப்பது நல்லது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கீற்றுக் கொட்டகையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்ட பின், குடியிருப்புக்குக் கீற்றைப் பரிந்துரைக்க யாருக்கும் மனம் வராது. பருத்தியும் மக்காச்சோளத் தட்டையும் வீட்டில் சேரும் நம் பகுதியில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். கீற்று மாட்டுக் கொட்டிலோடு நிற்கட்டும்.

சீமை ஓட்டுக்கு அடிக்கு 6 அங்குலம் குறைந்த அளவு. 7 அங்குலம் நல்ல அளவு. 1865-ல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது முதல், இந்த ஓட்டின் பள்ளங்களும் கவ்வும் விளிம்புகளும் இந்த வாட்டத்தை மனத்தில் கொண்டே வார்க்கப்படுகின்றன. வாட்டம் 6 அங்குலத்துக்குக் கீழே போனால், எதிர்க்காற்றோடு வரும் மழைநீர் ஓட்டின் இணைப்பில் மேல்நோக்கி ஏறி உள்ளே ஒழுகும். ஓட்டை எத்தனை முறை மாற்றினாலும் இந்த ஒழுக்கு நிற்காது. நமது 16 அடி வீட்டுக்கு முகடு 4 அடி முதல் 4 அடி 8 அங்குலம் வரை உயர வேண்டும். நூறு சதுர அடிக்குச் சுமார் 140 முதல் 150 ஓடுகள் பிடிக்கும். ரீப்பர் இடைவெளியைக் கேள்விப்பட்ட அளவில் அடிக்காமல், வாங்கி வந்த ஓட்டையே இரண்டு வரிசை வைத்து அளந்து அடிக்க வேண்டும்.

நாட்டு ஓட்டுக்கும் 7 அங்குலம் பொருந்தும். அதற்கு மேல் போனால் ஓடு சரியும். ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் ஓட்டைத் திருப்பி மேய ஆள் கிடைக்குமா என்பதை எண்ணிப் பார்த்த பிறகே நாட்டு ஓட்டைத் தேர்ந்தெடுக்கலாம்.

தகட்டுக் கூரையும் காற்றும்

இன்று பெரும்பாலோர் நாடுவது துத்தநாகம் பூசிய அல்லது வண்ணம் பூசிய இரும்புத் தகடு. கல்நார்த் தகடு விலை குறைவு எனினும், அதை அறுக்கும்போதும் துளையிடும்போதும் எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால் தவிர்ப்பதே நலம். தகட்டில் இணைப்புகள் குறைவு. மழைநீர் ஓடுவதற்கு அடிக்கு 2 அங்குலம் போதும் என்பது உண்மையே. ஆபத்து மழையில் இல்லை, காற்றில் இருக்கிறது.

காற்று கூரையைக் கீழ்நோக்கி அழுத்தும் என்று நாம் நினைக்கிறோம். தாழ்ந்த வாட்டமுள்ள கூரையில் நடப்பது வேறு. சுவரில் மோதி மேலே எழும் காற்று, இறவாணத்தைத் தாண்டும்போது கூரையை ஒட்டிச் செல்லாமல் பிரிந்து செல்கிறது. அந்த இடைவெளியில் அழுத்தம் குறைந்து, தகடு மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் காற்றுச் சுமை விதிநூலான ஐ.எஸ். 875, பகுதி 3 இதற்குக் கணக்குக் கொடுத்துள்ளது. அகலத்தில் பாதிக்கு மேல் உயரமில்லாத சுவர்களைக் கொண்ட வீட்டில், முகட்டுக்குக் குறுக்காகக் காற்று வீசும்போது, காற்று மோதும் பக்கத்துக் கூரையில் 10 டிகிரி வாட்டத்தில் உறிஞ்சும் விசை காற்றின் அழுத்தத்தைப் போல் 1.2 மடங்கு. 20 டிகிரியில் அது 0.4 மடங்காகக் குறைகிறது. 30 டிகிரியில் அந்தப் பக்கத்தில் உறிஞ்சுதலே இல்லை. முழு மட்டமான கூரைக்குக்கூட 0.8 மடங்குதான்.

அதே நூலில் திருச்சிராப்பள்ளிக்குக் கொடுக்கப்பட்டுள்ள அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 47 மீட்டர். அதாவது மணிக்குச் சுமார் 170 கிலோ மீட்டர். இது ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கப்படும் வேகம். இவ்வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 135 கிலோ. 10 டிகிரிக் கூரையில் தூக்கும் விசை 160 கிலோவைத் தாண்டுகிறது. தகட்டின் எடையோ சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவுதான். 10 அடி நீளமும் 3½ அடி அகலமும் கொண்ட ஒரே தகட்டை அரை டன்னுக்கு மேற்பட்ட விசை தூக்குகிறது என்றால், அதன்மேல் நான்கு கருங்கற்களை ஏற்றி வைப்பதால் என்ன பயன்? காற்றடிக்கும் நாளில் அக்கற்கள்தான் பக்கத்து வீட்டில் விழும்.

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல் பண்ருட்டிப் பகுதியின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. ஆண்டிமடமும் ஜெயங்கொண்டமும் அங்கிருந்து வெகு தொலைவில் இல்லை. புயல் வராத ஆண்டுகளிலும் சித்திரை, வைகாசிக் கோடை மழையோடு வரும் சுழல்காற்று வாழையையும் தகட்டையும் சேர்த்தே வாரிச் செல்கிறது.

ஆகவே தகட்டுக் கூரைக்கு அடிக்கு 4½ அங்குலம் கொடுங்கள். செலவுக் கணக்கு இதோ: நமது 16 அடி வீட்டில் 2 அங்குல வாட்டத்துக்கு முகடு 1 அடி 4 அங்குலம் உயரும், 4½ அங்குலத்துக்கு 3 அடி உயரும். ஒரு பக்கத்துத் தகட்டின் நீளம் 8 அடி 1 அங்குலத்திலிருந்து 8 அடி 6 அங்குலமாகக் கூடும். கூடுதல் தகடு நூற்றுக்கு ஐந்து பங்குதான். முக்கோணச் சுவருக்குச் சில நூறு செங்கற்கள் கூடுதலாகும். அந்த உயரத்தில் இருபுறமும் வலையிட்ட சாளரம் வைத்தால் பங்குனி, சித்திரை வெப்பமும் வெளியேறும்.

முகட்டின் நீளவாக்கில் வீசும் காற்றுக்கு வாட்டம் பெரிதும் உதவாது. அங்கு கட்டுமானம்தான் காவல். இறவாணம், முகடு, இரு ஓரங்கள் ஆகிய இடங்களில் கொக்கி போல்ட்டுகளை நடுப்பகுதியில் இருப்பதைவிட இரட்டிப்பு நெருக்கமாக இட வேண்டும். வளைவுத் தகட்டில் துளை மேட்டில் அமைய வேண்டும். பள்ளத்தில் துளையிட்டால் ஒழுகும். மேற்பொருத்து 6 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. தகட்டைச் சட்டத்தோடு இறுக்கி, சட்டத்தைச் சுவரோடு இறுக்காமல் விட்டால் கூரை முழுவதும் ஒன்றாகப் பறக்கும். சுவர் உச்சியில் கான்கிரீட் பட்டை இட்டு, அதில் கம்பிகளை முன்கூட்டியே புதைத்து, அவற்றோடு கைமரங்களைப் பிணைக்க வேண்டும். இதனால்தான் கூரையைச் சுவர் எழும்பும் முன்பே முடிவு செய்ய வேண்டியுள்ளது.

காற்றில் முதலில் போவது திறந்த திண்ணைச் சார்ப்பு. அதற்குக் கீழிருந்து தள்ளும் காற்றும் மேலிருந்து உறிஞ்சும் காற்றும் சேர்ந்துகொள்கின்றன. 2024-ல் தொடங்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளமும், மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரையும் அனுமதிக்கப்படுகின்றன. அந்த 60 சதுர அடியில்தான் வாட்டச் சிக்கல் எழுகிறது. 10 அடி நீளம், 6 அடி அகலச் சார்ப்புக்கு அடிக்கு 4 அங்குலம் கொடுத்தால் 2 அடி இறங்கும். சுவரில் 9 அடி உயரத்தில் தொடங்கினால் வெளி விளிம்பு 7 அடியில் நிற்கும். ஆள் குனியாமல் நுழையலாம். தளத்தின் உயரத்தைக் குறைத்துவிட்டால் பிறகு வாட்டத்தைத்தான் குறைக்க நேரும். சார்ப்பை வீட்டுக் கூரையின் நீட்சியாக அமைக்காமல் தனியே பொருத்துவது நல்லது. போனாலும் அது மட்டும் போகும்.

சூரிய மின்தகடு வைக்க எண்ணுவோர் அதற்காகக் கூரை வாட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. நம் பகுதிக்குத் தெற்கு நோக்கிய 11 டிகிரிச் சாய்வு ஏற்றது. 20 டிகிரித் தென்புறக் கூரையிலும் மின்சாரம் அதிகம் குறையாது.

மொட்டை மாடிக்கும் வாட்டம் உண்டு

மக்காச்சோளம், மிளகாய், மல்லி காய வைக்கக் களம் இல்லாதோர் மொட்டை மாடியை விரும்புவது நியாயமே. சாலையில் காய வைத்து விபத்துக்கு வழி செய்வதைவிட இது மேல். தளத்தின்மேல் இடும் செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவையில் 10 அடிக்கு 1½ முதல் 2 அங்குலம் வாட்டம் வேண்டும். 20 அடியையும் ஒரே பக்கமாக வாட்டினால் உயர்ந்த ஓரத்தில் 4 அங்குலம் வரை கூடுதல் தடிப்பு சேரும். ஒவ்வோர் அங்குலமும் சதுர மீட்டருக்கு 50 கிலோவை ஒட்டிய பாரம். நடுவிலிருந்து இருபுறமும் வாட்டினால் இந்தக் கூடுதல் பாதியாகும். 400 சதுர அடிக்கு ஒரு 4 அங்குலக் குழாய் வீதம் வைத்து, வாயில் வலை பொருத்த வேண்டும். சோளத் தூசு அடைத்து மாடியில் நீர் தேங்குவது வழக்கமாகக் காணும் குறை. தட்டோடு பதிக்கும் முன் பத்துக் குடம் தண்ணீரை ஊற்றி, எங்கு தேங்குகிறது என்று பார்த்துக்கொள்ளவும். ஆள் ஏறிப் பழகும் மாடிக்கு வடிவமைப்புச் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ. ஆறு அங்குல உயரம் பரப்பிய சோளம் இதற்குள் அடங்கும். அடுக்கிய மூட்டைகள் அடங்கா.

கரிசலில் கட்டுவோருக்கு

குன்னம், வேப்பந்தட்டை வட்டங்களில் கரிசல் மண்ணில் வீடு கட்டுவோர் கூரையிலிருந்து விழும் நீரை அலட்சியம் செய்யக் கூடாது. நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் இம்மண்ணில், இறவாண நீர் சுவரை ஒட்டி விழுந்தால் அஸ்திவாரம் ஓரிடத்தில் எழும்பி மற்றோரிடத்தில் இறங்கும். சுவர் வெடிப்புக்குக் கொத்தனாரைக் குறை சொல்கிறோம். காரணம் பல நேரங்களில் கூரை நீர்தான். இறவாணத்தை 1½ அடி நீட்டி, தகரக் கால்வாய் பொருத்தி, சுவரைச் சுற்றி 3 அடி அகலத்துக்கு வெளிநோக்கிச் சரிந்த சிமெண்டுத் தளம் இட வேண்டும்.

கால்வாய் பொருத்திய பின் அந்த நீரைச் சேமிப்பது எளிது. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக உள்ளது. வாட்டம் கூடினால் நீர் கூடாது. கூரை மூடும் தரைப்பரப்பே கணக்கு. 400 சதுர அடிக் கூரையில் 900 மில்லி மீட்டர் மழைக்குச் சுமார் 33,000 லிட்டர் விழும். ஐந்தில் நான்கு பங்கு கைக்கு வரும். கரிசலில் உறிஞ்சு குழியை வீட்டை ஒட்டி வெட்டக் கூடாது. குழாயைக் குறைந்தது 15 அடி தள்ளிக் கொண்டுபோய் விடவும், அல்லது தொட்டியிலோ கிணற்றிலோ சேர்க்கவும். முதல் மழை நீரை வெளியே திருப்பிவிட ஒரு தனிக் குழாயும் மூடியும் வைத்துக்கொள்ளவும்.