வட்டத்தில் பறப்பவை - 9: இடம்புரியின் மகிமை

மின்மோட்டாரில் ஓடும் கம்பிவழி விமானத்துக்குப் புரொப்பெல்லரை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். பேட்டரி அதற்குப் பிறகுதான். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மலிவாகக் கிடைத்த பேட்டரியை வாங்கி வைத்துக்கொண்டு அதற்கேற்ற மோட்டாரைத் தேடுகிறார்கள், பிறகு மோட்டாருக்கேற்ற புரொப்பெல்லரைத் தேடி அலைகிறார்கள். விமானம் என்ன வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்த வேகத்தைக் கொடுப்பது புரொப்பெல்லர். புரொப்பெல்லர் கேட்டதைக் கொடுப்பது பேட்டரியின் வேலை. (வட்டத்தின் நடுவில் நிற்பவர் கைப்பிடியில் கட்டிய இரண்டு எஃகுக் கம்பிகளால் ஓட்டும் மாதிரி விமானமே கம்பிவழி விமானம். கையின் அசைவை விமானத்துக்குள் வாங்கி எலிவேட்டருக்குக் கடத்தும் நெம்புகோல்தான் பெல்கிராங்க்; மூக்கை மேலும் கீழும் திருப்பும் வால் பலகைதான் எலிவேட்டர்.)

சாகசப் போட்டிக்கான விமானத்தை எடுத்துக்கொள்ளலாம். எடை 1.8 கிலோ, இறக்கையின் நீளம் 60 அங்குலம், கம்பியின் நீளம் ஏறத்தாழ 65 அடி. நீட்டிய கையையும் சேர்த்தால் வட்டத்தின் ஆரம் 20.5 மீட்டர். ஒரு சுற்று 5.3 விநாடியில் முடிந்தால் வேகம் விநாடிக்கு 24.3 மீட்டர், அதாவது மணிக்கு 87 கிலோமீட்டர் சொச்சம். அந்த வேகத்தில் கம்பிகள் கையை 5.3 கிலோ அளவுக்கு இழுக்கும். தலைக்கு நேர் மேலே போகும்போது விமானத்தின் எடை இந்த இழுப்பில் கழிந்துவிடும், மிஞ்சுவது 3.5 கிலோ. மேலே ஏறியதில் வேகம் 15 சதவீதம் குறைந்திருந்தால் மிஞ்சுவது 2 கிலோதான். கம்பி விறைப்பாக இருக்கும் வரைதான் பெல்கிராங்க் கை சொல்வதைக் கேட்கும். தொய்ந்த கம்பியில் விமானம் யாருக்கும் சொந்தமில்லை. உச்சியில் வேகம் விழாமல் பார்த்துக்கொள்வதே புரொப்பெல்லர் தேர்வின் சாரம்.

புரொப்பெல்லரில் இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். 12×6 என்றால் விட்டம் 12 அங்குலம், பிட்ச் 6 அங்குலம். ஒரு திருகாணி ஒரு சுற்றுக்கு மரத்தில் எவ்வளவு இறங்குகிறதோ, அப்படிக் காற்றில் இறங்கும் தூரமே பிட்ச். நிமிடத்துக்கு 9,600 சுற்று சுற்றும் 12×6, திருகாணிக் கணக்குப்படி விநாடிக்கு 24.4 மீட்டர் முன்னேற வேண்டும். விமானமும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் போகிறது. அப்படியானால் புரொப்பெல்லர் காற்றைப் பின்னுக்குத் தள்ளவே இல்லை, இழுவிசை பூஜ்யம் என்று கணக்கு சொல்கிறது. களத்தில் விமானம் நன்றாகவே இழுத்துக்கொண்டு போகிறது. பிட்ச் எண்ணைப் புரொப்பெல்லர் இதழின் பின்பக்கத் தளத்தை வைத்து அளப்பதுதான் இதற்குக் காரணம். இதழின் முன்பக்கம் இறக்கையைப் போல வளைந்தது. வளைந்த இறக்கை பூஜ்யக் கோணத்தில் போனாலும் தூக்கும். இதழும் அப்படியே இழுக்கும். ஆகவே அச்சிட்ட எண்ணை அளவாக எடுத்துக்கொள்வதைவிடப் பெயராக எடுத்துக்கொள்வது நல்லது. இரண்டு நிறுவனங்களின் 12×6 இரண்டு விதமாகப் பறக்கும். நிறுத்துக்கடிகாரம்தான் கடைசி நீதிபதி. நிமிடத்துக்கு 100 சுற்றுகளைக் கூட்டினால் ஒரு சதவீத வேகம் கூடும், சுற்று நேரத்தில் விநாடியின் இருபதில் ஒரு பங்கு குறையும்.

பிட்சைக் குறைத்துச் சுழற்சியைக் கூட்டினால் விமானத்தின் வேகம் நிலையாக இருக்கும். ஏற்றத்தில் வேகம் சற்று விழுந்ததும் இழுவிசை சட்டென்று கூடும், இறக்கத்தில் அதே புரொப்பெல்லர் பிரேக் போலப் பிடிக்கும். விலையாக இரைச்சலும் மின்செலவும் கூடும். விட்டத்தைத் தொடும்போது இன்னும் கவனம் தேவை. பிட்சையும் சுழற்சியையும் மாற்றாமல் விட்டத்தை மட்டும் கூட்டினால் தேவைப்படும் திறன் தோராயமாக நான்காம் அடுக்கில் ஏறும். 12 அங்குலத்திலிருந்து 13க்குப் போவது பார்வைக்கு விரல் நுனி வித்தியாசம்தான், மோட்டாருக்கோ 38 சதவீதக் கூடுதல் சுமை.

இந்த வாரத்தின் மையப்பொருள் பேட்டரி என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அதற்கு முன் புரொப்பெல்லர் சுழலும் திசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சங்கில் வலம்புரி அரிது, புரொப்பெல்லரில் இடம்புரி அரிது. கடையில் கிடைப்பவற்றில் பெரும்பான்மை வலம்புரி: வால் பக்கமிருந்து பார்த்தால் கடிகாரமுள் திசையில் சுழல்பவை. மின்விமானக்காரர்களோ இடம்புரியைத் தேடிப் பிடித்து மாட்டுகிறார்கள்.

சைக்கிள் சக்கரம் ஒன்றின் அச்சை இரு கைகளிலும் பிடித்துக்கொண்டு, அது வேகமாகச் சுழலும்போது சாய்க்க முயன்றவர்களுக்குக் காரணம் எளிதில் விளங்கும். சக்கரம் சாய்க்கும் திசையில் போகாது, அதற்குக் குறுக்காகத் திமிறும். தரையில் பம்பரம் தலையாட்டுவதும் இதே விதியால்தான். புரொப்பெல்லரும் ஒரு பம்பரம். வலம்புரி மாட்டிய விமானத்தின் மூக்கைச் சட்டென்று மேலே தூக்கினால் மூக்கு வலப்பக்கம் திரும்பும். கீழே அழுத்தினால் இடப்பக்கம் திரும்பும். வழக்கப்படி விமானம் கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுவதால் அதை ஓட்டுபவர் அதன் இடப்பக்கத்தில் நிற்கிறார். ஆக, மூக்கை அழுத்தும் ஒவ்வொரு திருப்பத்திலும் விமானம் அவரை நோக்கித் திரும்பும், கம்பி தளரும். மணற்கடிகாரம் என்ற சாகசத்தில் இத்தகைய திருப்பங்கள் இரண்டும் வட்டத்தின் உச்சியில், இழுப்பு மிகக் குறைந்த இடத்தில் வருகின்றன. வேண்டாத இடத்தில் வேண்டாத வேலை.

இடம்புரியில் எல்லாம் மாறிவிடுகிறது. உச்சித் திருப்பங்களில் மூக்கு வெளியே திரும்பிக் கம்பியை விறைப்பாக்குகிறது. மூக்கைத் தூக்கும் திருப்பங்களில் உள்ளே திரும்பத்தான் செய்யும். ஆனால் மணற்கடிகாரத்தில் அவை தரைக்கு அருகில், இழுப்பு தாராளமாக உள்ள இடத்தில் வருவதால் கெடுதல் தெரிவதில்லை. புறப்பாட்டிலும் லாபம் உண்டு: மோட்டாரின் எதிர்முறுக்கு வெளி இறக்கையைக் கீழே அழுத்துவதால் விமானம் ஓட்டுபவரைவிட்டு விலகவே பார்க்கும்.

எரிபொருள் எஞ்சின் காலத்தில் வலம்புரியின் இந்தச் சிக்கல் தெரியாமல் இல்லை. மஸ்டாங், பேர்கேட் போர்விமானங்களின் சாயலில் சாகச விமானங்கள் கட்டிய அமெரிக்கர் ஆல் ரேபி, எலிவேட்டரோடு சேர்ந்து அசையும் ரடர் ஒன்றைப் பொருத்தினார். மூக்கு கீழே போகும்போது ரடர் அதை வெளியே திருப்பும். அழகான தீர்வுதான், ஆனால் அதைச் சரிசெய்யவே ஒரு பருவம் போய்விடும். எஞ்சினையே எதிர்த்திசையில் ஓட்ட வேண்டுமானால் வேறு கிராங்க் ஷாஃப்ட் வேண்டும். தண்டில் வெட்டிய உறிஞ்சு துளை ஒரு திசைக்கே நேரம் குறிக்கப்பட்டது. மின்மோட்டாரில் மூன்று ஒயர்கள். அவற்றில் ஏதாவது இரண்டை இடம் மாற்றிச் செருகினால் மோட்டார் திரும்பிச் சுழலும். இத்தனை ஆண்டுத் தலைவலிக்கு மருந்து அரை நிமிட வேலை!

இரண்டு எச்சரிக்கைகள். இடம்புரியை மாட்டிவிட்டு ஒயரை மாற்ற மறந்தால் விமானம் பின்னோக்கி நகர முயலும். பயிற்சிக் களங்களில் இது அடிக்கடி காணக்கிடைக்கும் வேடிக்கை. இன்னொன்று வேடிக்கையல்ல: சாதாரணப் புரியுள்ள நட்டு, எதிர்த்திசையில் மோட்டார் உதறிக் கிளம்பும்போது இறுகுவதற்குப் பதில் தளரும். பூட்டு நட்டு போடுவது நல்லது. விமானத்தின் பின்னால் வைத்துத் தள்ளுவதற்கென உருவான ரகம் என்பதால், புரொப்பெல்லர் தயாரிக்கும் ஏ.பி.சி. நிறுவனத்தின் இடம்புரிகளில் அளவுக்குப் பின்னால் 'பி' (புஷர்) என்ற எழுத்து இருக்கும். முன்னால் மாட்டும்போதும் எழுத்துள்ள பக்கம் விமானம் போகும் திசையையே பார்க்க வேண்டும்.

இனி பேட்டரி. சாகச நிரல் முழுவதற்கும் ஐந்தரை நிமிடம் பறக்க வேண்டும். மேற்சொன்ன விமானத்துக்குச் சராசரி 400 வாட் என்று கொண்டால் 37 வாட்-மணி ஆற்றல் தேவை. லிப்போவை (லித்தியம் பாலிமர் பேட்டரியை) முழுக்க வடிக்கக் கூடாது, ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைப்பது மரபு. ஆகவே 46 வாட்-மணி கொள்ளளவு வேண்டும். ஒரு செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட். நான்கு செல் அடுக்கானால் 3,100 மில்லி ஆம்பியர்-மணி, ஐந்தானால் 2,500, ஆறானால் 2,100. மூன்றிலும் ஆற்றல் ஒன்றே, எடையும் ஏறக்குறைய ஒன்றே. மின்னோட்டம்தான் மாறுகிறது: சராசரி 27 ஆம்பியர், 22, 18. மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஒயர் சூடாவதால் செல் எண்ணிக்கையைக் கூட்டுவது நல்லது. ஐந்து அல்லது ஆறு செல் இந்த அளவு விமானத்துக்குப் பொருந்தும்.

மோட்டாரை இதற்கேற்ப எடுக்க வேண்டும். ஐந்து செல்லின் 18.5 வோல்ட்டில், வோல்ட்டுக்கு 700 சுற்று என்று குறிக்கப்பட்ட மோட்டார் சுமையின்றி 12,950 சுற்று சுற்றும். தேவையான 9,600 அதில் முக்கால் பங்கு. பேட்டரி சோர்ந்து செல்லுக்கு 3.4 வோல்ட்டுக்கு வந்தாலும் 11,900 என்ற உச்சவரம்பு இருக்கிறது. அந்த இடைவெளி இல்லாவிட்டால் கடைசிச் சாகசத்தில் வேகம் விழும்.

கொள்ளளவின் எத்தனை மடங்கு மின்னோட்டம் தரலாம் என்று சொல்ல, பேட்டரிமேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் 'சி' எண்ணுக்கு மயங்க வேண்டியதில்லை. ஐந்து செல் 2,500 அடுக்கில் 22 ஆம்பியர் என்பது 9 சி கூட ஆகாது. திருப்பங்களில் அது இரட்டித்தாலும் 25, 30 சி போதும். அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் எடையாகவே திரும்பி வரும். செலவைச் சரிபார்க்க எளிய வழி, பறந்து முடித்தபின் சார்ஜர் எத்தனை மில்லி ஆம்பியர்-மணியைத் திரும்ப ஏற்றுகிறது என்று பார்ப்பது: 2,500 அடுக்கில் அது 2,000ஐத் தாண்டினால் பறக்கும் நேரத்தையோ சுழற்சியையோ குறைக்க வேண்டும். குளிரில் பேட்டரி சோம்பும், வெதுவெதுப்பாக வைத்தே எடுத்துப்போக வேண்டும். மாதக்கணக்கில் வைப்பதானால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும்.

எடைமையம் பற்றி ஒரே வார்த்தை. எரிபொருள் விமானம் பறக்கப் பறக்க 120 முதல் 150 கிராம் வரை இளைக்கும், மையம் பின்னால் நகரும். பேட்டரி இளைப்பதில்லை. அதை முன்பின் நகர்த்தி ஒருமுறை சரிசெய்த மையம் கடைசிவரை அங்கேயே இருக்கும்.

சுழற்சியை ஒரே எண்ணில் பிடித்துவைக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு இந்த இதழில் இடமில்லை. அதுவும், ஏற்றத்தையும் இறக்கத்தையும் முடுக்கமானியால் உணர்ந்து சுழற்சியை மாற்றும் ஸ்லோவாக்கிய வீரர் இகோர் பர்கரின் முறையும் அடுத்த வாரம்.