படத்தெளிவும் கதையும்

இடுக்கி மாவட்டத்தை அடுத்த பூயம்குட்டிக் காட்டுப் பகுதியில் காட்சிகள் பல எடுக்கப்பட்டு, 2016-இல் வெளிவந்த ‘புலிமுருகன்’ என்னும் மலையாளச் சண்டைப் படத்தில் கதை மெலிது. காடோ கண்ணைக் கவர்வது. படத்தெளிவு ஒன்றிற்காகவே இத்தகைய படத்தைக் காணலாமா?

4கே முறையில் படப்புள்ளிகள் ஏறத்தாழ 83 லட்சம், முழு எச்.டி. முறையைப்போல் நான்கு மடங்காகும். ஆயினும் 3.4 மீட்டர் தொலைவில், ஏறக்குறைய 1 மில்லிமீட்டரினும் நெருங்கிய இரு புள்ளிகளை இயல்பான கண் பிரித்தறியாது. ஆகவே, சிறு திரைக்குச் சேய்மையில் அமர்வோருக்கு அம்மிகுதியால் பயனில்லை. அண்மையில் அமர்வோருக்கு இலையின் ஈரமும் தெரியும். கணிப்பொறியில் உருவாக்கிய புலியின் செயற்கையும் உடன் தெரிந்துவிடும்! முருகனுக்கு என்ன நேருமோ என்னும் அச்சமோ புள்ளிகளைப் பெருக்குவதால் பிறப்பதன்று. எனவே முழுப் படத்தையும் காட்டுதல் வேண்டா என்பதே நம் கருத்து. காட்டுக் காட்சிகளை மட்டும் தேர்ந்து காட்டும் ஆசிரியர், மாணவரைத் திரையருகே அமர்த்துவாராக.